வியாகுல மாதாவின் கீழுதடு

முந்தின நாள் நான்கு நிமிடத்தில் முடிந்த பாட்டு, அன்றைக்கு ஐந்தரை நிமிடம் ஓடியது.

மார்கரெட் கடிகாரம் பார்த்து வேலை செய்கிறவள் இல்லை. பாட்டுதான் அவளுக்குக் கடிகாரம். கோயில் சுரூபச் சிலையின் முகத்தில் ஒரு பூச்சுப் பூசினால் அது அரைகுறையாய்க் காய இரண்டு பாட்டு ஓட வேண்டும், அந்த ஈரப்பதத்திலேயே அடுத்த நிறத்தை இழைத்துவிட வேண்டும் என்பது இருபது வருடப் பழக்கம். அன்று மத்தியானம் இரண்டு தடவை பாட்டு முடியும்வரை காத்திருந்து, மாதாவின் இடது கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பூச்சு முழுக்கக் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. காற்றுதான் காரணம் என்று நினைத்தாள். ஆவணிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கி அம்பாசமுத்திரத்து வயலையெல்லாம் தாண்டி பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது அதில் ஈரமெல்லாம் போய் வெறும் புழுதிதான் மிச்சம் இருக்கும். அப்புறம்தான் தற்செயலாக செல்போனைப் பார்த்தாள். பாட்டின் நீளம் ஐந்து நிமிடம் முப்பத்தோரு நொடி என்று காட்டியது.

கன்னத்தைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி பூசினாள். பாட்டையும் மறுபடி போட்டாள்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டி, தகரம் போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அவளுக்கு வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் மூன்று தகரத்தை எடுத்துவிட்டு வெளிச்சம் புகும் தகடு போட்டுக் கொடுத்தவர் அவள் கணவர் கிளமென்ட். ‘மார்கரெட் ஆர்ட் ஸ்டுடியோ’ என்று பலகை எழுதி வாசலில் மாட்டியவரும் அவர்தான். அச்சில் வார்த்த சுரூபங்கள் வெளியிலிருந்து வெள்ளை வெளேரென்று வந்து இறங்கும். முகம் எழுதுவது அவள் வேலை. கடற்கரை ஊர்களின் கெபிகளில், குகைபோலக் கட்டிய அந்தச் சிறு கோயில்களில், அவள் எழுதிய எத்தனையோ முகங்கள் உப்புக் காற்றில் நின்றுகொண்டிருந்தன. அவள் எழுதும்போது கிளமென்ட் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆர்மோனியத்தில் விரலை ஓட்டுவார். அவளுக்கும் கையும் வாயும் சேர்ந்துதான் ஓடும். எந்தப் பாட்டைக் கேட்டு எழுதினாலும் அதைத் தன்னை அறியாமல் முனகிக்கொண்டே எழுதுவாள்.

போன செப்டம்பரில் ஒரு நாள் காலை, கோயிலில் பாட்டுப் பழகப் போன கிளமென்ட் ஆர்மோனியத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு அவருடைய கடற்கரை ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மார்கரெட் அழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கல்லறையில் மண் போடும்போதும் நின்றுகொண்டே இருந்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருசனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மகராசி என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு அதுவும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அழுகையோடு எல்லாமே போயிற்று. சோறு சுட்டால் சூடு தெரியும், ருசி தெரியாது. மதுரையில் ஆஸ்பத்திரி நர்சாக இருக்கும் ஒரே மகள் அபிஷா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். மார்கரெட் பேசுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், போனை வைத்த பிறகு தான் பேசியது நிஜம்தானா என்று யோசிப்பாள். உலகத்தில் தனக்கென்று மிஞ்சியது அந்தப் பிள்ளை ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் படித்ததைத் தெரிந்து வைத்திருப்பதுபோலத் தெரியும்.

முகங்களும் செத்துப் போயின. இந்த ஒரு வருடத்தில் இரண்டு சுரூபங்கள் திரும்பி வந்தன. கடற்கரைக் கோயில் ஒன்றின் கமிட்டிக்காரர் சிலுவைமுத்து நல்ல மனுஷர். அந்தோணியார் சுரூபத்தைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியபோது அவர்தான் சங்கடப்பட்டார். “வேலையில கொற ஒண்ணும் இல்ல தாயி. ஆனா முகம் நம்மளப் பாக்க மாட்டேங்கு” என்றார். இருந்தாலும் செப்டம்பர் திருவிழாவுக்கு வியாகுல மாதா சுரூபத்தை அவளிடமே கொடுத்தார். மகன் செத்துக் கிடக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயின் முகம். ஒரு சொட்டு அழ முடியாதவளிடம் அந்த முகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பழைய கோயில் ஓவியங்கள் அச்சிட்ட புத்தகங்களை வாங்கித் தரை முழுக்க விரித்து வைத்துப் பார்த்தாள். கிருஷ்ணாபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் கோயில் தூணில் நிற்கும் கல் பெண்ணொருத்தியின் வாயோரத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நெல்லையப்பர் கோயிலில் யாரோ தட்டிக் காட்ட, இசைத் தூணில் காதை வைத்துக் கேட்டாள். கல்லுக்குள் ஸ்வரம் இருந்தது. அவளுக்குள் இல்லை. வீட்டுக்கு வந்து தூரிகையை எடுத்தால் கை மரத்துப் போய்க் கிடந்தது.

கடைசியில் அந்தப் பாட்டைக் கொடுத்தது சாலமோன். எதிர்த்தெருவில் ரேடியோ செட் வைத்திருக்கிறவன், கல்யாணம் முதல் கல்லறை வரை மைக் கட்டுகிறவன். ஏரல் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குச் செட் போடப் போனபோது மைக்கை அணைக்க மறந்து விட்டதாகவும், அங்கே அழுதது அப்படியே பதிவாகிக் கிடப்பதாகவும் சொல்லி, விரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதல் நாள் போட்டதுமே கை நகர்ந்தது. அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே ஒரு பெண் குரல். வயதான குரல், நடுநடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு, இழுத்து, உடைந்து, மறுபடி எழும்பி வந்தது.

கரையில கெடந்த சங்கெடுத்துக்
கழுவி வச்ச எங்கம்மா
கண்ணசரும் நேரத்துல
கண்மறஞ்சு போனியம்மா

யாரோ ஒரு மகள், தாயைப் பறிகொடுத்துவிட்டு அழுகிறாள் என்று மார்கரெட் நினைத்தாள். ஆண்டு அனுபவித்துப் போன கிழவியாக இருக்கும். அன்று மாலைக்குள் மாதாவின் இரண்டு கண்களும் எழுந்துவிட்டன. தள்ளி நின்று பார்த்தபோது அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகப் பிசைந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவை. அவளுக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டாம் நாள்தான் பாட்டு நீண்டிருந்தது. மறுபடி போட்டபோது காது கொடுத்துக் கேட்டாள். நேற்றுக் கேட்காத ஒரு அடி அதில் இருந்தது.

பச்சப் பையத் தோளில் மாட்டிப்
படியேறி வந்தியம்மா
வச்ச சோறு ஆறும் முன்ன
வழியனுப்பச் சொன்னியம்மா

நேற்று வேலை மும்முரத்தில் காதில் விழாமல் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. கன்னத்தின் குழிவு அன்று வந்தது, அத்தனை இயல்பாக வந்தது, விரல் பட்டால் அமுங்கும்போல. மதில் வழியே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள்தான் முகத்தைச் சுளித்தாள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி போடக் கூடாது, போட்டால் அது ஆளைக் கேட்கும் என்றாள். போன வருடம் விழுந்த சாவு கணக்கில் இல்லையா என்று மார்கரெட் கேட்டாள். “அதுக்குத்தான் நீ அழலியே” என்று சொர்ணாம்பாள் பைய சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பாட்டு ஏழு நிமிடம் ஓடியது.

குரலுக்குப் பின்னால் இருக்கும் ஓசைகள் இப்போது கேட்கத் தொடங்கியிருந்தன. எங்கோ தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு சலசலப்பு, யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடப்பது, காற்றில் தகரம் படபடவென்று அடித்துக்கொள்வது. தகரம் அவளுடைய கொட்டகைத் தகரம்தான் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள். கூரை அசையவில்லை. வெளியே முருங்கை இலைகூட அசையவில்லை. பாட்டை நிறுத்தினாள். தகரமும் நின்றது. அந்த அமைதியில் பெயிண்ட் வாடைக்கு நடுவே மெலிதாக சாம்பிராணி வாடையும், ஆறிப்போன கடுங்காப்பி வாடையும் வந்தன. அடக்கத்தன்று வீட்டில் இருந்த அதே வாடை. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்தும் இருந்தாள். வரவில்லை. கை மட்டும் தூரிகைக்காகத் தவித்தது. மறுபடி பாட்டைப் போட்டாள்.

சாயங்காலம் சாலமோனுக்குப் போன் பண்ணி, அந்தச் சாவு வீட்டில் தகரக் கொட்டகை இருந்ததா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஓலைப் பந்தல்தான், தகரமெல்லாம் இல்லை என்றான் அவன். ஒற்றையாக அழுத அந்த அம்மாள் யார் என்று கேட்டாள்.

“ஒத்தையாவா? பத்துப் பதினஞ்சு பொம்பளைங்கள்லா சுத்தி ஒக்காந்து பாடுனாவ. ஒத்தக் கொரலு அதுல எங்கன இருக்கு? நீங்க எதுக்குக்கா கேக்குதீங்க?”

வேறு எதையோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று ராத்திரி வழக்கம்போலத் தூங்கியதைப் பிறகு யோசித்துப் பார்க்கையில் அவளுக்கே கூசியது.

நான்காம் நாள் வாய் மட்டும்தான் பாக்கி. மேலுதடு காலையிலேயே முடிந்தது. மறுநாள் விடிந்தால் கிளமென்டின் வருஷப் பூசை, அதற்கும் மறுநாள் காலையில் சிலுவைமுத்து வண்டி கொண்டு வருவார். அவள் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து கீழுதட்டுக்கு நிறம் குழைத்தாள். பாட்டு ஒன்பது நிமிடம் ஓடியது. புதிய அடி வந்தது.

எண்ணெ வச்சுச் சீவும் முன்ன
எந்திரிச்சுப் போனியம்மா
என்னப் பெத்த ராசாத்தி
எனக்கு முன்ன போனியம்மா

தூரிகை நின்றது.

எனக்கு முன்னால் போனாயே என்று தாயைப் பார்த்து எந்த மகள் முறையிடுவாள்? தாய் முன்னால் போவதுதானே முறை. அதில் அழ இருக்கிறது, கேட்க என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே நின்றாள். விடை கையெட்டும் தூரத்தில் இருந்தது, ஆனாலும் அவள் கை நீட்டவில்லை. அந்த நேரம் போன் அடித்தது. அபிஷா. நைட் டூட்டிக்குப் போவதற்கு முன்னால் பேசுகிறாள்.

“காலையில டூட்டி முடிச்சு நேரா பஸ் ஏறுதேன்மா. மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன். சாயங்காலம் பூசைக்குச் சேந்து போவோம்” என்றாள்.

“சாப்ட்டியாம்மா? என்னப் பெத்த அம்மா, நேரத்துக்குச் சாப்பிடு” என்றாள் மார்கரெட்.

சொல்லி முடித்ததும் தன் குரல் தன் காதில் விழுந்தது.

பிறந்ததிலிருந்து அபிஷாவை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். எங்கம்மா. என்னப் பெத்த அம்மா. இந்த ஊரில் பெண் பிள்ளை பெற்ற எவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான்கு நாளாக அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு செத்தது யாரோ ஒரு கிழவி என்று நினைத்திருக்கிறாள். அழுதது மகள் இல்லை. தாய். செருமும் அந்தத் தொண்டை, இழுத்து உடையும் அந்தக் குரல். செல்போனில் பதிவான தன் குரலைத் தானே கேட்டால் யாருக்குமே முதலில் அடையாளம் தெரிவதில்லை.

“நீ வராத” என்றாள்.

“என்னது?”

“நாளைக்கு வராதம்மா. வர வேண்டாம்.”

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்த வேண்டிய சொல். அது அவள் வாயிலிருந்து, அரைக் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வா என்பதுபோல வந்தது. தன் நெஞ்சைத் தானே உலுக்கிப் பார்த்தாள், ஒரு பதற்றம், ஒரு நடுக்கம், ஏதாவது ஒன்று அந்தக் குரலில் ஏறாதா என்று. ஏறவில்லை. அபிஷா அலுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு வருஷப் பூசை, அதற்கு மகள் வராமல் எப்படி என்றாள். சுரூப வேலைக்காகவா என்னை வர வேண்டாம் என்கிறாய் என்று கேட்டாள். அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. பிறகு டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

மார்கரெட் கார்டை உருவி எடுத்து, குறடால் இரண்டாக நொறுக்கி, தெருச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை முழுவதும் கீழுதட்டோடு மல்லுக்கட்டினாள். பாட்டு இல்லாமல் அது வரவில்லை. வரைந்தாள், துடைத்தாள். வரைந்தாள், துடைத்தாள். கண்கள் அழுதன, கன்னம் அழுதது, வாய் மட்டும் போட்டோவுக்கு நிற்கிறவளின் வாயாக இருந்தது. அந்த ஒரு விரல்கடை இடத்தால் மொத்த முகமும் பொய்யாகிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு எழுந்து மற்றதையெல்லாம் யோசித்து ஏற்பாடு செய்தாள். சோறு பொங்கவில்லை. பிள்ளை வந்ததும் ஹோட்டலுக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாம். குளியலறையில் ஹீட்டர் ஒயரைக் கழற்றினாள், தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டு வழுக்காமல் தேய்த்துக் கழுவினாள், கண்ணாடிச் சாமானையெல்லாம் வெளியே எடுத்தாள். பதறுகிறவள் எதையாவது விட்டிருப்பாள். அவள் ஒன்றையும் விடவில்லை.

பன்னிரண்டரைக்கு வாசல் கேட் கிறீச்சிட்டது.

அபிஷா படியேறி வந்தாள். முகம் தூக்கத்தில் வீங்கியிருந்தது. சிரித்தாள். தோளில் பை.

பச்சை.

“புதுசும்மா. நல்லாருக்கா?”

நன்றாக இருப்பதாகச் சொன்னாள். ஹோட்டலுக்குப் போவோம் என்று சொல்வதற்குள் மதில் மேல் சொர்ணாம்பாளின் கை நீண்டது. பிள்ளை வருவது தெரிந்து சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். அபிஷா வாங்கி மேஜையில் வைத்து, தட்டை எடுத்து, தானே போட்டாள். ஆவி பறந்தது.

பிறகு கையை மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாடையோடு சோற்றில் கை வைக்க முடியாது, ரெண்டு சொம்பு தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். தண்ணீர் வரவில்லை என்றாள் மார்கரெட். அபிஷா குழாயைத் திருகினாள். தண்ணீர் கொட்டியது. சாப்பிட்டுவிட்டுக் குளி என்று தாய் சொன்னாள். சாப்பிட்ட பிறகு குளிக்கக் கூடாது என்று நீதானே சொல்வாய் என்று மகள் சிரித்தாள். துண்டோடு கொட்டகை வழியாகப் போகும்போது சுரூபத்தின் முன்னால் அவள் கால் நின்றது.

வெகுநேரம் பார்த்தாள்.

“அப்பா போன பொறவு நீ எழுதுனதுல இதாம்மா முகம்” என்றாள். “கீழ் ஒதடுதான் இன்னும் வரல, என்ன?”

“தாப்பா போடாத” என்றாள் மார்கரெட்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

கதவு. தாழ்ப்பாள்.

மார்கரெட் கதவுக்கு வெளியே நின்றாள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. நிற்க வேண்டும். கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து மகளின் பதில் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

“அம்மா?”

“ம்.”

சொம்புத் தண்ணீர் தரையில் விழும் ஓசை. சோப்பு வாடை.

“அம்மா?”

“இருக்கேன்மா. என்ன ஆச்சு ஒனக்கு இன்னைக்கு?”

நின்ற இடத்திலிருந்தே சுரூபம் தெரிந்தது. உச்சி வெயில் கூரைத் தகடு வழியாக இறங்கி நேராக மாதாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. இந்த வெளிச்சம் பத்து நிமிடம்தான் இருக்கும். கீழுதட்டின் ஓரத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. நேற்றிலிருந்து தேடிய நிழல். பார்க்கப் பார்க்க அது நகர்ந்தது.

சுரூபத்துக்கு நான்கு எட்டுத் தூரம். அதற்கு மேல் இல்லை. அங்கிருந்தும் கூப்பிடலாம். அங்கிருந்தும் கேட்கும்.

தூரிகையை எடுத்தாள்.

“அம்மா?”

“ம்.”

ஓரத்தில் தொட்டாள். சரி. இன்னும் கொஞ்சம் சிவப்பு. கை விழித்துக்கொண்டது.

“அம்மா…”

“ம்.”

உதட்டின் நடுவில் ஒரு தொய்வு. அழுகையை அடக்கித் தோற்றுப் போன தொய்வு. வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது.

“அம்மா… எங்கம்மா…”

“ம்.”

இழுத்துக் கூப்பிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. வாயும் கையும் சேர்ந்து ஓடின. கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எந்த இடத்தில் அது கூப்பிடுவதாக இல்லாமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல் ஒன்றுதான். அம்மா. அதே அம்மா. கடைசியாக ‘ம்’ என்று கேட்டது எப்போது? யோசிக்க முயன்றாள். கை விடவில்லை. வாய் விடவில்லை. கார்டில் இல்லாத அடி, அவள் இதுவரை கேட்டிராத அடி, அவள் வாயிலிருந்தே வந்தது.

ஈரத்தல துவட்டலியே
இன்னும் ஒரு வாய் உண்ணலியே
யாரக் கேட்டுப் போற இப்போ
என்னப் பெத்த எங்கம்மா

உதடு முடிந்தது.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சொம்பு ஓசை இல்லை. வாளி நிரம்பி வழிந்து, கதவின் கீழே கசிந்து, சோப்பு நுரையோடு தண்ணீர் கொட்டகைத் தரையில் பரவி அவள் பாதத்தைத் தொட்டது. குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது. ஒரு வருடமாகத் தெரியாத குளிர்.

அப்போதுதான் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சைக் கிழித்து, மூக்கில் ஏறி, கண்ணில் முட்டி வழிந்தது. அடக்க முடியவில்லை. எத்தனை இதமாக இருந்தது. கையில் பிடித்திருந்த தட்டில், குழைத்து வைத்த சிவப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சிவப்பு இளகியது. பார்த்தாள். இத்தனை நாளும் எந்தக் கலவையிலும் வராத நிறம்.

கதவை இன்னும் திறக்கவில்லை. பாடிக்கொண்டே அவள் தூரிகையை அதில் தோய்த்தாள்.